பாத தரிசனம்

டிசம்பர் 27, கோவில்பட்டி

"இது பனிமலை ஏறுற வயசாம்மா?" என்று மகன் போனில் கத்தினான். கத்தட்டும். ஏறப்போவது அவன் வயதில்லை, என் வயது.

விஷயம் இதுதான். என் மகன் முத்துராஜும் அவன் மனைவி வினோதினியும் ஜனவரியில் இமயமலைப் பக்கம் கேதார்காந்தா என்ற சிகரத்துக்கு நடந்துபோக இடம் போட்டிருந்தார்கள். இப்போது அவன் அலுவலகத்தில் விடுப்பு கிடையாதாம். ஒரு இடம் சும்மா போகிறது. "அந்த இடத்துல நான் போறேன்" என்றேன். அதற்குத்தான் அந்தக் கத்தல். மருமகள் பக்கத்தில்தான் இருந்திருப்பாள். புருஷனோடு படுக்கவேண்டிய கூடாரத்தில் மாமியார் வந்து படுக்கிறேன் என்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் வாய் வரும்?

நான் பெண்கள் பள்ளியில் காலமெல்லாம் பி.டி. டீச்சராக இருந்தவள். செண்பகவல்லி டீச்சர் வருகிறார் என்றால் வராந்தாவில் நிற்கிற பிள்ளைகள் தானாக வரிசையாவார்கள். ஓய்வு பெற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் என்னை உட்காரவைக்கப் பார்க்கிறார்கள்.

எல்லாம் அந்த டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு. தீபாவளிக்கு முந்தின வாரம் என் செருப்பில் ஆணி ஏறியிருந்தது. அதோடு சந்தைக்குப் போய், பேங்குக்குப் போய், வீட்டுக்கு வந்து, தரையில் ரத்தத்தைப் பார்த்து, வேலைக்கு வரும் சுடலியைத்தான் திட்டினேன், அவள் காலில் அடிபட்டிருக்கிறது என்று நினைத்து. அதற்குப்போய் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டர் என் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, உள்ளங்காலை நைலான் நூலால் தொடுவேன், தெரிந்தால் சொல்லுங்கள் என்றார். "தெரியுதா?" "தெரியுது." "இப்ப?" "தெரியுது." கடைசியில் அவர் சொன்னார், அந்த இரண்டு தடவையும் அவர் தொடவே இல்லையாம். இது என்ன வைத்தியம், ஏமாற்று வேலை.

"சுகர் உங்க பாதத்து நரம்பைத் தின்னுட்டுது டீச்சர். இனி அது வலிச்சு உங்களுக்குச் சொல்லாது. தினம் நீங்கதான் காலைத் திருப்பிப் பாக்கணும். கவனிக்காம ஒரு புண்ணு வந்துச்சுன்னா காலையே எடுக்கவேண்டி வரும்."

என் அண்ணனுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அன்றிலிருந்து டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோல எல்லோரும் அவரிடம் பேசுகிறார்கள். என்னிடம் யாரையும் அப்படிப் பேச விடமாட்டேன். தினமும் கண்ணாடி வைத்துக் காலைப் பார்த்துக்கொண்டிருக்கவும் மாட்டேன். பனியில் நடந்துவிட்டு வந்து அந்த டாக்டர் முன்னால் நிற்பேன். அப்போது பேசட்டும்.

ஜனவரி 2, மதுரை

ஷூ வாங்கினேன். கடைக்காரர் ஏழாம் நம்பர் எடுத்துக் கொடுத்தார். போட்டால் காலில் ஒன்றுமே போடாததுபோல இருந்தது. ஆறு கேட்டேன். "பனிக்குன்னு சொல்றீங்க, தடி சாக்ஸ் போடணுமே மேடம், இறுக்கும்" என்றார். இறுக்கினால்தானே ஷூ போட்டிருக்கிறோம் என்று தெரியும்? ஆறில்தான் கால் பிடிமானமாக இருந்தது. கம்பளி சாக்ஸ் அரக்கு நிறத்தில் இரண்டு ஜோடி.

ஜனவரி 7

ஷூவைத் தினமும் வீட்டுக்குள் போட்டு நடந்து பழகச் சொல்லி வினோதினி மூன்றாவது தடவையாகச் செய்தி அனுப்புகிறாள். வீட்டுக்குள் ஷூ போட்டு நடக்க நான் என்ன வெள்ளைக்காரியா? சாமி படத்துக்கு முன்னால் ஷூவோடு டக் டக்கென்று நடப்பதாம். பெட்டியில் வைத்துக் கட்டிவிட்டேன்.

ஜனவரி 11, சாங்க்ரி

டேராடூனிலிருந்து ஒரு பகல் முழுவதும் வண்டி. நானும் வினோதினியும் பக்கத்துப் பக்கத்தில். இருவரும் பேசியதை எழுதினால் நான்கு வரி வராது. "தண்ணி வேணுமா அத்தே?" "வேண்டாம்." "மாத்திரை போட்டீங்களா அத்தே?" "என்ன மாத்திரை?" அதோடு சரி. அவள் பேசுவது குறைவு, பார்ப்பது அதிகம். எனக்கு அந்த மாதிரிப் பிள்ளைகளிடம் எப்போதும் கொஞ்சம் உஷார்தான்.

என் மாத்திரைகளை வைட்டமின் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். யார் பார்த்தாலும் வைட்டமின்.

எங்களை அழைத்துப்போகிற வழிகாட்டி ஒரு பெண். பீனா ராணா. இந்த ஊர்க்காரி, முப்பத்தைந்து இருக்கும், தக்காளி மாதிரி கன்னம். என்னைப் பார்த்ததும் குனிந்து காலைத் தொட்டு "மாதாஜி" என்றாள். "மாதாஜி எல்லாம் வேண்டாம், டீச்சர்ஜி என்று கூப்பிடு" என்றேன். சின்ன வயதில் இந்தி பிரசார சபாவில் எழுதித் தேறியவள் நான். என் இந்தியைக் கேட்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். செய்தி வாசிப்பதுபோல இருக்கிறதாம். அவள் பேசியதை நான் தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

மாலையில் எல்லோரையும் உட்காரவைத்துக் காலைப் பற்றி மட்டும் ஒரு வகுப்பு எடுத்தாள். வகுப்பு எடுக்கத் தெரிகிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். "ஒண்ணு மேல ஒண்ணா சாக்ஸைப் போட்டு ஷூவுக்குள்ள காலைத் திணிக்காதீங்க. இறுக்கினா ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடலன்னா எத்தனை கம்பளி போட்டும் சூடு வராது. உள்ள மெல்லிசா ஒண்ணு, மேல கம்பளி ஒண்ணு. விரல் உள்ள ஆடணும். சாக்ஸ் நனைஞ்சா நின்னு அங்கேயே மாத்துங்க. தூங்கறதுக்கு ஒரு ஜோடி தனியா வையுங்க, அதைப் போட்டு நடக்கவே கூடாது. கால் விறைச்சா நெருப்புல காட்டாதீங்க, பனியை வச்சுத் தேய்க்காதீங்க."

பிறகு சொன்னாள்: "குளிர்ல கால் வலிச்சா பயப்படாதீங்க. வலிக்குற வரைக்கும் கால் நல்லா இருக்கு. வலி நின்னாதான் என்னைக் கூப்பிடணும்."

எனக்கு வலியே கிடையாது, அவளைக் கூப்பிடுகிற தொல்லையும் இல்லை.

"யாருக்காவது சுகர், பிரஷர், நெஞ்சு வலி உண்டா?" என்று கடைசியாகக் கேட்டாள். நான் கூரையைப் பார்த்தேன். தேவதாருப் பலகை அடித்திருக்கிறார்கள், நல்ல வேலைப்பாடு. வினோதினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மலையில் தினம் சாயங்காலம் ஒவ்வொருவர் காலையும் பீனா பார்ப்பாளாம். பெருமாள் கோயிலில்கூட இத்தனை கறாராகப் பாத தரிசனம் இருக்காது. யார் காட்டினாலும் நான் காட்டப்போவதில்லை.

ஜனவரி 12, ஜூடா கா தாலாப்

முதலில் வந்து சேர்ந்தது யார்? செண்பகவல்லி.

பைன் மரங்களுக்கு நடுவில் பாதை முழுவதும் பனி. ஷூவுக்கு அடியில் மாட்டிக்கொள்ள இரும்புப் பல் வைத்த ரப்பர் வளையம் கொடுத்தார்கள். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை ஒரு உறை, பனி ஷூவுக்குள் இறங்காமல் இருக்க. இரண்டையும் மாட்டினால் நடைக்குத் தானாக ஒரு மிடுக்கு வந்துவிடுகிறது. புனேயிலிருந்து வந்த ஒரு மனிதர், நாற்பது வயது இருக்கும், வழியெல்லாம் "பாவ் கயா, பாவ் கயா" என்று அழுதுகொண்டே வந்தார். கால் போச்சாம். வினோதினியும் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் நடந்தாள்.

"உங்களுக்குக் கால் குளிரலையா அத்தே?"

"எனக்கா? கோவில்பட்டி வெயில்ல கிரவுண்டுல நின்ன காலு இது. அதுல இருக்குற சூடு இன்னும் பத்து வருசத்துக்குத் தாங்கும்."

அவள் சிரிக்கவில்லை.

உறைந்த குளம் ஒன்றின் கரையில் கூடாரம். பாதத்துக்குத் தடவலாம் என்று தேங்காய் எண்ணெய் எடுத்தால் பாட்டிலுக்குள் மெழுகு மாதிரி உறைந்து கிடக்கிறது. அதையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தூங்கவேண்டும்போல.

பாத தரிசன நேரத்தில் தலைவலி என்று கூடாரத்தில் படுத்துவிட்டேன். சாக்ஸ் மாற்றும்போது பார்த்தேன், இடது கால் சாக்ஸில் சுண்டுவிரல் பக்கம் மட்டும் நிறம் கறுத்துப் போயிருந்தது. காலிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. மதுரைக் கடைச் சாயம் ஒரு நாள் நடைக்கே இப்படிப் போகிறது. திரும்பிப் போனதும் அந்தக் கடைக்காரரைக் கேட்கிறேன்.

ஜனவரி 13, அடிவார முகாம்

இன்று ஒரு கூத்து.

முகாமுக்குப் பக்கத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர் தார்ப்பாயைக் கட்டி டீக்கடை வைத்திருக்கிறார். நடுவில் தகர அடுப்பு. நாங்கள் ஷூவைக் கழற்றிவிட்டுச் சுற்றி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். நான் புனேக்காரருக்குத் தொடை தசைக்கு என்ன பயிற்சி செய்யவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஏதோ கருகுகிற வாசனை. யாருடையது என்று எல்லோரும் தேடினார்கள், நானும் தேடினேன்.

"அத்தே! கால்! கால எடுங்க!"

என் இடது பாதம் அடுப்பின் தகரத்தில் சாய்ந்திருந்தது. சாக்ஸ் நுனி கருகிப் பொசுங்கிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், பேச்சு சுவாரசியத்தில் கவனிக்கவில்லை என்றேன். பீனா மட்டும் சிரிக்கவில்லை. டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னை வெளியே அழைத்துப் போனாள்.

"டீச்சர்ஜி, உங்களுக்குச் சுகர் இருக்கா?"

"இல்லை."

"எங்க அப்பாவுக்கு இருந்துச்சு. அவரும் இப்படித்தான் அடுப்புல காலை வச்சுட்டுப் பேசிக்கிட்டு இருப்பார்."

"நான் உன் அப்பா இல்லை."

"காலைக் காட்டுங்க. காட்டலன்னா நாளைக்கு நீங்க மேல வரமுடியாது. இங்கேயே இருக்கணும்."

ஒரு டீச்சரைப் பார்த்து இருக்கணும் என்கிறாள்! எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பனியே உருகியிருக்கும். ஆனால் பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. கூடாரத்தில் உட்கார்ந்து வலது காலின் சாக்ஸை உருவி நீட்டினேன். டார்ச் அடித்து விரல் விரலாகப் பார்த்தாள். "நல்லா இருக்கு" என்றாள். இடது காலுக்கு வந்த நேரத்தில் புனேக்காரர் வெளியே வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. அவள் எழுந்து ஓடினாள். திரும்பி வந்து, "இன்னொண்ணு?" என்றாள். "பார்த்தாயே" என்றேன். அலுப்பில் அவளும் தலையாட்டிவிட்டாள். ஒரு வயிற்றில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள்தானே இரண்டு காலும். ஒன்றைப் பார்த்தால் போதாதா?

வினோதினி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். பீனா போனதும் கேட்டாள்.

"அந்த டப்பாவுல இருக்குறது வைட்டமின் இல்லன்னு எனக்குத் தெரியும் அத்தே. இடது கால நான் பாக்கட்டுமா?"

"எனக்குத் துணைக்கு வந்தியா, வேவு பாக்க வந்தியா?"

"ரெண்டும் இல்ல. நான் பனி பாக்க வந்தேன். நீங்கதான் என்கூட வந்திருக்கீங்க."

வாயாடி. இத்தனை நாள் இது எங்கே ஒளிந்திருந்தது? நான் தூங்கும் பைக்குள் புகுந்து ஜிப்பை இழுத்துக்கொண்டேன்.

ஜனவரி 14

பொங்கல். ஏறிவிட்டேன். மற்றதை நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 15, சாங்க்ரி

நேற்று நடந்ததை எழுதவேண்டும். எழுதாமல் விட்டால் இத்தனை நாள் எழுதியதற்கு அர்த்தமில்லை.

விடிவதற்கு முன்பே புறப்பட்டோம். கடைசி ஏற்றம் செங்குத்து. மூச்சு வாங்கியது, நெஞ்சு அடித்துக்கொண்டது, கால் மட்டும் எதுவும் சொல்லவில்லை. கட்டை மாதிரி எடுத்து எடுத்து வைத்தேன். சூரியன் வரும்போது உச்சியில் நின்றோம். சுற்றிலும் வெள்ளை மலைகள். அதில் வெயில் பட்டு மஞ்சளாகப் பரவியது. வினோதினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹாப்பி பொங்கல் அத்தே" என்றாள். உட்கார் உட்கார் என்றவர்களையெல்லாம் அங்கே வரிசையாக நிற்கவைத்துக் காட்டவேண்டும்போல இருந்தது.

உச்சியில் கல் அடுக்கி ஒரு சிறிய சன்னதி. உள்ளே சிவன், வெளியே திரிசூலம், சிவப்புத் துணி. மற்றவர்கள் ஷூவோடு போய்க் கும்பிட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. தைப் பிறப்பு அன்று சாமிக்கு முன்னால் ஷூவோடு நிற்பதா? நான் அப்படியொன்றும் பெரிய பக்தை இல்லை. ஆனாலும் கோயிலைக் கண்டால் செருப்பைக் கழற்றுவது கை தானாகச் செய்கிற வேலை. உறையை அவிழ்த்து, ஷூவைக் கழற்றி, சாக்ஸையும் உருவிப் போட்டேன். இடது சாக்ஸ் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. இழுத்தேன், வந்தது. வினோதினியும் என்னைப் பார்த்து ஒரு ஷூவைக் கழற்றிப் பனியில் காலை வைத்தாள். "அய்யோ அம்மா!" என்று அலறித் திரும்பவும் ஷூவுக்குள் நுழைத்துக்கொண்டாள். நான் வெறுங்காலோடு நடந்து போய்க் கண்ணை மூடி நின்றேன். பனி இல்லை, குளிர் இல்லை, ஒன்றுமே இல்லை. சிமெண்டுத் தரையில் நிற்பதுபோலத்தான் இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பெருமையாக நின்றேன் என்பது மட்டும் தெரியும்.

கண்ணைத் திறந்தால் பீனா எங்கிருந்தோ சறுக்கிக்கொண்டே ஓடி வருகிறாள். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் முதலிலேயே யூகித்திருப்பார்கள். மலையுச்சியில் ஒருத்தி ஷூவைக் கழற்றுவாள் என்று அவளுக்குக் கனவிலும் தோன்றியிருக்காது.

"பைத்தியமா உங்களுக்கு? உக்காருங்க! உக்காருங்க!"

என்னைத் தன் பையின் மேல் தள்ளி உட்காரவைத்தாள். அப்போதுதான் நான் திரும்பிப் பார்த்தேன். நான் நடந்து வந்த வழியில், வெள்ளைப் பனியில், இடது கால் பதிந்த இடமெல்லாம் சிவப்பு. சாயம் இல்லை.

இடது சுண்டுவிரல் தோல் உரிந்து கிழிந்திருந்தது. ஆறாம் நம்பர் ஷூ அரைத்த இடம். மற்ற விரல்கள் மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்து விறைத்திருந்தன. பீனா ஒன்றைத் தொட்டு, "தெரியுதா?" என்றாள். இந்தத் தடவை நான் என் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விரல் என் விரல் மேல் இருக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"தெரியல" என்றேன். தமிழில்தான் வந்தது. "எனக்குச் சுகர். ரொம்ப வருசமா. பாதத்துல உணர்ச்சியே கிடையாது." வினோதினி அதை இந்தியில் சொன்னாள்.

பீனா திட்டவில்லை. காயத்தில் துணியை வைத்துக் கட்டினாள். பிறகு வினோதினியிடம் ஏதோ சொன்னாள். மருமகள் என் எதிரில் பனியில் உட்கார்ந்தாள். ஜாக்கெட்டின் ஜிப்பை இறக்கினாள், உள்ளே இருந்த சட்டைகளைத் தூக்கினாள், என் இரண்டு பாதங்களையும் எடுத்துத் தன் வெறும் வயிற்றில் வைத்து மூடிக்கொண்டாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. அடுத்தவர் மேல் தெரியாமல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாம். நான் காலை இழுத்தேன்.

"விடும்மா, கால்! வயித்துல போய் கால வச்சுக்கிட்டு!"

"சும்மா இருங்க அத்தே." பல் கிட்டித்துக்கொண்டு நடுங்கினாள், பிடியை விடவில்லை. "ஐஸ் கட்டி மாதிரி இருக்கு. உங்களுக்குத் தெரியலன்னா எனக்குத் தெரியுது. ஆடாதீங்க."

இரண்டு பனிக்கட்டிகளை வயிற்றில் கட்டிக்கொண்டு கண்ணில் நீர் வழிய அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இவளிடம் நான் நல்லபடியாக ஒரு வார்த்தை பேசியதில்லை. சமைக்கத் தெரியாது, சிரிக்கத் தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அழுதேன், அதில் என்ன.

மற்ற நான்கு விரல்களுக்கும் கொஞ்சம் நிறம் திரும்பியது. சுண்டுவிரலுக்கு வரவில்லை. பீனா காய்ந்த சாக்ஸ் போட்டுவிட்டு, தன் பையில் மாற்றுக்கு வைத்திருந்த பெரிய ஷூவில் என் காலை விட்டாள். நான் எழுந்து நின்றேன்.

"நடக்கக் கூடாது" என்றாள். "உங்களைத் தூக்கிட்டுப் போவோம்."

"ஏறினவளுக்கு இறங்கத் தெரியும். என்னை யாரும் தூக்க வேண்டாம்."

"இப்ப நடந்தா அந்தப் புண்ணு பெரிசாகும். விரலோட நிக்காது, கால் போயிரும்."

நான் அதற்கும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வினோதினி சட்டையை இறக்கி விட்டுக்கொண்டே, "பெரிய மாமா மாதிரி ஆகமாட்டேன்னுதானே இங்க வந்தீங்க? அப்ப ஏறி உக்காருங்க" என்றாள்.

பெரிய மாமா என்றால் என் அண்ணன். அந்தப் பெயர் என்னை உட்காரவைத்துவிட்டது.

கயிற்றைச் சுருட்டித் தோளில் மாட்டி அதில் என்னை உட்காரவைத்து, பீனாவும் இன்னொரு வழிகாட்டியும் மாற்றி மாற்றி முதுகில் சுமந்தார்கள். முகாமிலிருந்து கோவேறு கழுதை. சுமை மூட்டையாகப் போனேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். வழி முழுவதும் எல்லோருக்கும் நான்தான் உத்தரவு போட்டுக்கொண்டு வந்தேன். "முழங்காலை மடக்கி இறங்கு! பார்வை முன்னால! புனே, கையைப் பையிலிருந்து எடு!" சுமக்கிறவர்கள் சிரித்துச் சிரித்து இரண்டு இடத்தில் என்னை இறக்கிவைத்தார்கள்.

இன்று சாயங்காலம் சாங்க்ரியில் எல்லோருக்கும் கடைசி பாத தரிசனம். முதல் ஆளாக இரண்டு காலையும் பெஞ்சில் தூக்கி வைத்தேன்.

ஜனவரி 17, டேராடூன்

மருத்துவமனை. சுண்டுவிரல் கறுத்துவிட்டது. காத்திருந்து பார்க்கவேண்டும் என்கிறார்கள். முத்துராஜ் போனில் கத்தினான். வினோதினி போனை வாங்கி, "அத்தைகிட்ட கத்தணும்னா நேர்ல லீவு போட்டு வந்து கத்துங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன்.

ஜனவரி 30, திருநெல்வேலி

சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். காலை விடவில்லை, விரல் ஒன்றோடு முடித்துக்கொண்டேன். பேரம் மோசமில்லை.

டாக்டர் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. தையல் ஆறி அவர் சொல்கிற வரைக்கும் இடது காலைத் தரையில் ஊன்றவே கூடாது, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்கவேண்டும், ஊன்றினால் புண் ஆறாது என்றார். "உங்களால முடியுமா டீச்சர்?" என்று சந்தேகமாகக் கேட்டார். மலை ஏறியவளைப் பார்த்து உட்காரமுடியுமா என்று கேட்கிறார்!

தினம் காலையிலும் மாலையிலும் இரண்டு பாதத்தையும் பார்க்கிறேன். எட்டாத இடத்துக்குக் கண்ணாடி.

பிப்ரவரி 16, கோவில்பட்டி

உட்கார்ந்திருப்பது மலை ஏறுவதைவிடக் கஷ்டம். இதை எழுதிவைத்துக்கொள்கிறேன்.

உடம்பு சரியில்லாதவளைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள், அவளே எழுந்துபோய்ப் போட்டுக் கொடுக்கிற காப்பியைக் குடித்துவிட்டு, "பாவம், இப்படி ஆயிட்டியே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நம் ஊர் வழக்கம் அது. நான் எழுந்திருக்கவில்லை. முதல் வாரம் இரண்டு பேர் முகம் சுளித்துக்கொண்டு போனார்கள். போன வாரம் என் நாத்தனார் "ரெண்டு எட்டு வச்சா குறைஞ்சா போயிருவ?" என்றாள். "ஆமா, ரெண்டு எட்டு வச்சா ஒரு காலு குறைஞ்சிரும்" என்றேன். வினோதினி இங்கிருந்தே அலுவலக வேலை பார்க்கிறாள். அவளையும் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

இன்று மறைந்த என் கணவரின் அண்ணன் வந்தார், மனைவியையும் கூட்டிக்கொண்டு; அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வீட்டில் எல்லாருக்கும் பெரியவர். அவர் உள்ளே வந்தால் பெண்கள் எழுந்து நிற்பதுதான் இத்தனை வருட வழக்கம். நான் நாற்காலியில் சாய்ந்து, இடது காலை ஸ்டூலில் தலையணை மேல் உயர்த்தி, பாதத்தை நேராக அவர் முகத்துக்கு எதிரே வைத்துக்கொண்டிருந்தேன். கட்டு மாற்றுவதற்காக அப்போதுதான் அவிழ்த்திருந்தேன். தையல் போட்ட இடம் திறந்து கிடந்தது.

அவர் உட்காரவில்லை. "செம்பகம், பெரிய மனுசன் வந்திருக்கேம்லா. காலக் கீழ எடு. மூஞ்சிக்கு நேரா பாதத்தக் காட்டிக்கிட்டு இருக்கியே, இது என்ன பழக்கம்?" என்றார்.

அக்கா பதறிப்போய் என் போர்வையை இழுத்து மூட வந்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"எடுக்கமாட்டேன் அத்தான். மூடவும் மாட்டேன். இத ஒளிச்சு ஒளிச்சு வச்சுத்தான் ஒரு விரலு போச்சு. இது உணர்ச்சி செத்த காலு. ஆணி குத்துனாலும் தெரியாது, நெருப்புல வச்சாலும் தெரியாது. நல்லாப் பாத்துக்கிடுங்க. காப்பி வேணும்னா அடுப்படி அங்க இருக்கு, பாலு பிரிட்ஜுல."

சொல்லி முடித்ததும் எனக்கே கொஞ்சம் அதிகமோ என்று தோன்றியது. வினோதினி லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் கிளம்பவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நெருப்புல வச்சாக்கூடத் தெரியாதுன்னா சொல்லுத?"

"தெரியாது."

அவர் அக்காவை ஒரு தடவை பார்த்தார். வேட்டியை ஒதுக்கி, வலது காலைத் தூக்கி இடது தொடை மேல் போட்டு, எங்கள் எல்லோருக்கும் முன்னால் உள்ளங்காலைத் திருப்பினார். குதிகாலுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறுப்பு.

"நாலஞ்சு மாசமா இருக்கு" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. "எனக்கும் சுகருதான். வீட்டுல யாருக்கும் சொல்லல. வலிக்கலையே, அதனால சும்மா விட்டுட்டேன்."

அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"அழுகை அப்புறம்" என்றேன். "அத்தான், கால நல்லா நீட்டுங்க. என் ஸ்டூலு மேலயே வையுங்க, இடம் இருக்கு. வினோ, டார்ச்ச எடுத்துட்டு வா."